அவள் பெயரில் ஓர் இணைப்பு

“சாயங்காலம் நான் திரும்பி வாரதுக்குள்ள அந்த ஒயரு இந்த வீட்டுல இருக்கக் கூடாது! கேட்டியா?”

அம்பலவாணன் தட்டைத் தள்ளிய வேகத்தில் சட்னி சிதறி ராஜேஸ்வரியின் காலில் தெறித்தது. அவள் முதலில் தரையைத் துடைத்தாள். பிறகுதான் தன் காலைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்குப் பழகிப்போன வரிசை அது.

உள்ளறைக் கட்டிலிலிருந்து மாமியார் பிச்சம்மாளின் குரல் கேட்டது. “காலங்காத்தால ஆம்பளயைச் சாப்பிட விடாம எந்திரிக்க வைக்கா பாரு! இவ பிடிவாதம் இந்தக் குடும்பத்தை எங்கன கொண்டு விடப்போகுதோ...”

ஜன்னல் ஓரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த மகள் அகிலா பதறி எழுந்தாள். “யப்பா... இன்னைக்கு மத்தியானம் எனக்குப் பரீட்சை இருக்குப்பா. ஆன்லைன்ல எழுதணும்!”

“நீ வாயைத் தொறக்காத! ஒன் படிப்புக்குன்னுதான் இந்த இழவை வீட்டுக்குள்ள விட்டேன். ஒங்கம்மா அதை வச்சு என் தலையிலயே மண்ணள்ளிப் போட்டுட்டா!”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியவரின் முதுகைப் பார்த்து, ராஜேஸ்வரி நிதானமாகச் சொன்னாள். “ஒயரை எடுக்க மாட்டேங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அப்படி ஒரு சொல்லை அவர் கேட்டதே இல்லை. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த ‘ஒயர்’, தெருக் கம்பத்திலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்த மெல்லிய கறுப்புக் கம்பி. ஃபைபர் இணைப்பு. பட்டயக் கணக்காளர் படிப்பில் சேர வேண்டும் என்று அகிலா அடம்பிடித்தபோது, “மெட்ராஸுக்குப் பொம்பளப் பிள்ளையைத் தனியா அனுப்ப முடியாது” என்று சொல்லிவிட்டு, அதற்கு மாற்றாக அம்பலவாணனே சம்மதித்துப் போட்ட இணைப்பு அது. அதற்கு முன் அவள் கைபேசியில் பாடம் கேட்பாள். ஆசிரியர் வாயைத் திறந்தபடியே உறைந்து நிற்பார்; திரும்ப அசையும்போது கணக்கே முடிந்திருக்கும். இப்போது சென்னையில் அவர் பலகையில் எழுத எழுத, சங்கரன்கோவிலில் இவள் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டாள். பக்கத்துத் தறிக்கூடத்தின் இரைச்சலையும் மீறி, “சொல்லும்மா அகிலா” என்று அவர் பதில் சொன்னார். அரிசி புடைத்துக்கொண்டே அதைக் கேட்ட ராஜேஸ்வரிக்கு முதல் நாள் கண் கலங்கிவிட்டது.

மகளின் வகுப்பு இல்லாத நேரத்தில் அவளும் அந்த மடிக்கணினியின் முன் உட்கார ஆரம்பித்தாள். தமிழில் தட்டச்சு செய்வதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். அரசு இணையதளத்தில் எந்தச் சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது, என்னென்ன இணைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். வீட்டில் தொல்லை ஆரம்பித்தது அதிலிருந்துதான்.

அம்பலவாணனின் பிழைப்பே அந்த விண்ணப்பங்கள்தான். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர் அவர். கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். “அம்பலவாணன் அண்ணாச்சி எழுதுனா மனு நிக்கும்” என்று ஊரில் ஒரு பேச்சு. எல்லாம் இணையத்துக்கு மாறிய பிறகும், காகிதங்களை வாங்கி, ஒரு கணினி மையத்தில் கொடுத்து, “ஆபீஸ்ல நான் பேசிக்கிடுதேன்” என்று சொல்லியே தன் இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

அடுத்த தெருப் பொன்மணியின் கணவன் தறியில் நின்றுகொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்து இறந்துபோனவன். வாரிசுச் சான்றிதழுக்காக அவள் அம்பலவாணனிடம் நடையாய் நடந்தாள். “பாக்கலாம்... நாளைக்கு வா... அங்கன ஆள் மாறியிருக்கு...” என்று அவர் அலைக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் வாசலில் நின்று பொன்மணி விம்மியதை ராஜேஸ்வரியால் தாங்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் கண் முன்னாலேயே விண்ணப்பத்தைப் பதிவு செய்து கொடுத்தாள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். பிறகு பொன்மணியின் கைபேசிக்கே சான்றிதழ் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் விதவை உதவித்தொகைக்கும் ராஜேஸ்வரியே வழி காட்டினாள். பொன்மணி தெருவெல்லாம் சொன்னாள். மத்தியான வேளைகளில் பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

நேற்று டீக்கடையில் யாரோ சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். “என்ன அண்ணாச்சி, மேசையை வீட்டம்மாக்குக் குடுத்துட்டு நீரு ஓய்வெடுக்கப் போறீரா?”

சாயங்காலம் வரை அவரால் பொறுக்க முடியவில்லை. உச்சி வெயிலிலேயே திரும்பி வந்துவிட்டார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது, கூடத்தில் உட்கார்ந்திருந்த பொன்மணியும் வேறு இரண்டு பெண்களும். ஜன்னல் ஓரம் அகிலா காதில் ஹெட்போனோடு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஓ... என் வீட்டுலயே ஆபீஸ் தொறந்தாச்சா?”

பெண்கள் எழுந்து ஒதுங்கினார்கள். ராஜேஸ்வரி, “மெதுவாப் பேசுங்க, பிள்ளை பரீட்சை எழுதுதா...” என்று சொல்லி முடிப்பதற்குள், அவர் தையல் பெட்டியில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலை நெருங்கிவிட்டார்.

“வேண்டாம்பா! யப்பா... வேண்டாம்!”

நறுக்கென்று ஒரு சத்தம். மூலையிலிருந்த பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. திரையில் இருந்த கேள்வி அப்படியே நின்றது. அகிலா அதை வெறித்துப் பார்த்தாள். பிறகு மேசைமேல் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள்.

பிச்சம்மாள் கட்டிலிலிருந்தே கத்தினாள். “நல்ல வேலை செஞ்சே மக்கா! என் மவன் எழுத்தால வாழுத குடும்பம்டி இது! அந்த எழுத்துக்கே உலை வைக்கியே, நீ நல்லாயிருப்பியா?”

என் மகன் எழுத்து!

ராஜேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த எழுத்து யாருடையது என்று இருவருக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில், ஜவுளிக்கடை வேலை போய் அவர் வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள்தான் முதல் மனுவை எழுதிக் கொடுத்தாள். அதன் பிறகு அவர் ஊராரின் குறைகளைக் கேட்டு வந்து சொல்வார். இவள் உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவாள். “என் பேர்லயே இருக்கட்டும் ராஜி. ஆம்பள எழுதுனதுன்னாத்தான் சனம் நம்பும்” என்றார். அவர் தலை நிமிர்ந்து நடந்தால் போதும் என்று அன்றைக்கு அவள் சந்தோஷமாகவே சம்மதித்தாள். பெற்ற தாயிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

இப்போதும் வாய் வரை வந்ததை அவள் விழுங்கினாள். ஆனால் அழவில்லை.

“அகிலா, எந்திரி. புத்தகத்தை எடுத்துக்கோ.”

“எங்கட்டி போற? ஒங்கப்பன் வீட்டுக்கா?” அம்பலவாணன் கேலியாகக் கேட்டார்.

“அங்க ஏன் போகணும்? நான் என்ன தப்பு செஞ்சேன், ஊரை விட்டு ஓடுததுக்கு?” மடிக்கணினியை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அடுத்த தெருவுலதான் இருப்பேன். எல்லாரும் பாக்க இருப்பேன். என்னைச் சொன்னீங்க, பொறுத்தேன். எம்பிள்ளை படிப்பை அறுத்தீங்க... அதைப் பொறுக்க மாட்டேன்!”

“இந்தப் படியைத் தாண்டுனா திரும்பி வரக் கூடாது!”

“வாரதா வேண்டாமான்னு நான் சொல்லுதேன். நீங்க சொல்லாதீங்க.”

பொன்மணி ஓடி வந்து அகிலாவின் பையை வாங்கிக்கொண்டாள். “வாங்க யக்கா. எங்க வீட்டுல இடத்துக்கா பஞ்சம்?” என்றவள் குரல் உடைந்தது. “என்னால தானே உங்களுக்கு...”

“ஒன்னால இல்லட்டி. நட.”

பொன்மணியின் வீடு நீளமான ஒரே அறை. முன்பக்கம் நைட்டி தைக்கும் இயந்திரம், பின்பக்கம் அடுப்படி. மறுநாளே இணைப்புக்காரப் பையன் ஏணியோடு வந்தான்.

“யார் பேர்ல போடணும்க்கா? சார் பேரு சொல்லுங்க.”

ராஜேஸ்வரி சற்று நின்றாள். மின்சாரம், வீட்டு வரி, எரிவாயு எதிலும் இதுவரை அவள் பெயர் ஏறியதில்லை.

“என் பேர்ல போடு தம்பி. ராஜராஜேஸ்வரி. முழுசாப் போடு.”

சென்னைப் பயிற்சி நிலையத்துக்கு அகிலாவே நடந்ததை எழுதிக் கேட்டாள். வேறொரு நாளில் பரீட்சை எழுத அனுமதித்தார்கள். நைட்டித் துணிகள் குவிந்து கிடந்த மூலையில், பொன்மணி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காவல் போல உட்கார்ந்திருக்க, அவள் எழுதினாள்.

ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. ‘புருசனை விட்டுட்டு வந்துட்டா’ என்றது ஒரு வாய். ‘கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா கண்ணு மண்ணு தெரியாதாம்’ என்றது இன்னொன்று. ராஜேஸ்வரி காலையில் பொன்மணிக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். மத்தியானம் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வந்தவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தாள். “அடுத்த தடவை நீங்களே போடணும், பாத்துக்கிடுங்க” என்று சொல்லிச் சொல்லிக் கற்றுக் கொடுத்தாள். காசு நீட்டியவர்களிடம் வாங்கவில்லை. பூச்சந்தையிலிருந்து திரும்புகிறவள் கொஞ்சம் பிச்சிப்பூ வைத்துவிட்டுப் போவாள். அதை மட்டும் மறுக்காமல் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. பிச்சம்மாளுக்கு நாள்தோறும் குழைந்த சோறும் ரசமும் அகிலா கையில் போய்ச் சேர்ந்தன. முதல் நாள் கிழவி தூக்குச்சட்டியைத் தள்ளிவிட்டாள். மறுநாள் வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களில் சட்டி காலியாகத் திரும்பியது.

ஒருநாள் அகிலா மூச்சிரைக்க ஓடி வந்தாள். “யம்மா! ஆச்சி அழுதுகிட்டே இருக்காங்க. தாத்தா பென்சன் வரலியாம். போன மாசமும் வரலியாம். ‘நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்களா’ன்னு கேட்டு நெஞ்சுல அடிச்சிக்கிடுதாங்க...”

பிச்சம்மாளின் கணவர் பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளராக இருந்து மறைந்தவர். அந்தக் குடும்ப ஓய்வூதியம்தான் கிழவியின் கௌரவம். தான் உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒருமுறை அவள் பதிவு செய்ய வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பு பிசகியதிலிருந்து அவளால் நடக்க முடியாது. “நான் பாத்துக்கிடுதேம்மா, எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார்” என்று அம்பலவாணன் சொல்லிவந்தார். தெரிந்த ஆள் மாற்றலாகிப் போய்விட்டார். வீட்டிலிருந்தே கைபேசியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் மனைவி செய்கிற அதே காரியத்தைத் தானும் செய்ய அவருடைய வீம்பு விடவில்லை.

ராஜேஸ்வரி அகிலாவோடு உடனே கிளம்பினாள். பொன்மணி தயங்கினாள். “யக்கா... அந்தப் படியை மறுபடி மிதிக்கணுமா?”

“படிக்காகப் போகலை. அங்க ஒரு மனுஷி அழுதுக்கிட்டு இருக்கா.”

உள்ளறைக்குள் அவளைக் கண்டதும் பிச்சம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ராஜேஸ்வரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். திரையில் வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூடத்துக்குப் போனாள், வாசலுக்குப் போனாள். சிக்னல் வந்து வந்து அறுந்தது.

“இங்கன நெட் எடுக்கலை அத்தை. ஆட்டோ கொண்டு வாரேன். பொன்மணி வீட்டுக்குப் போவோம்.”

“அந்த மூளி வீட்டுக்கா? நானா?” என்று பழைய வேகத்தில் ஆரம்பித்தவள், மருமகளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு முனகினாள். “...தூக்குங்க.”

ராஜேஸ்வரியும் அகிலாவும் கையைக் கோர்த்து அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். பொன்மணி தன் வாசலில் தலையணையோடு நின்றிருந்தாள். “வாங்க, மெதுவா... இடுப்பைப் பாத்து...” என்று தாங்கி, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தாள். பிச்சம்மாளால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ராஜேஸ்வரி கைபேசியை மாமியாரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இதைப் பாருங்க அத்தை. கண்ணைச் சிமிட்டுங்க.”

கிழவி பார்த்தாள். கைபேசிக்குப் பின்னால் மருமகளின் முகம். இத்தனை வருடத்தில் இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. காது மேல் நரை. கிழவியின் கண்ணில் நீர் திரண்டது.

“எடுக்கலை அத்தை. மறுபடி பாருங்க... அழாதீங்க.”

“நான் அழலட்டி...” என்றவளின் தாடை நடுங்கியது. மறுபடியும் ஏற்கவில்லை. ராஜேஸ்வரி முந்தானையால் அந்தக் கன்னங்களை ஒற்றி எடுத்தாள். “நேராப் பாருங்க... அப்படித்தான். சிமிட்டுங்க.”

கைபேசி மெல்ல அதிர்ந்தது. பதிவாகிவிட்டது.

“முடிஞ்சுதா? அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் அத்தை. நின்னுபோன பணமும் சேந்து வந்துரும்.”

“இதுக்கா என் மவன் என்னை இவ்வளவு நாளா...” பிச்சம்மாள் சொல்லி முடிக்கவில்லை. வாசலில் ஒரு சத்தம். கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அம்பலவாணன் தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

“பிள்ளையைத்தான் பிரிச்சே. இப்ப பெத்தவளையும் தூக்கிட்டு வந்துட்டியா?”

மனு போடக் காத்திருந்த பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். பிச்சம்மாள் மகனை ஏறிட்டாள். “கத்தாதலே! நான் உசுரோட இருக்கேன்னு சொல்லுததுக்கு ஒனக்கு ஆள் தேட வேண்டியிருந்துச்சு. இவ உக்காந்த இடத்துல சொல்லிட்டா. ஒன் எழுத்துக்கு ஊரே கும்பிடு போட்டுச்சே, அந்தக் கை எங்கல போச்சு?”

அடுத்து என்ன நடக்கும் என்று ராஜேஸ்வரிக்குத் தெரியும். அவர் தலையைக் குனிவார். இவள் வழக்கம்போல ஏதாவது சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றுவாள். அத்தனை வருடமும் அதுதான் நடந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

“அந்தக் கை யாருதுன்னு அத்தைகிட்ட நீங்க சொல்லுதீங்களா... நான் சொல்லட்டுமா?”

“ராஜி...” அவர் குரல் கெஞ்சியது. “இத்தனை பேரு முன்னாலயா?”

“இத்தனை பேரு முன்னால தானே என்னைக் குடும்பத்தைப் பிரிச்சவள்னு சொன்னீங்க? நான் ஒண்ணும் புதுசாக் கேக்கலை. உள்ளதைத்தான் கேக்கேன். இனிமே நான் மறைக்க மாட்டேன்!”

அகிலா அம்மாவின் அருகில் வந்து நின்றாள். அம்பலவாணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“எல்லாம் இவ எழுதுனது தாம்மா.”

“எதைலே சொல்லுதே?”

“எல்லா மனுவும். முதல்லேருந்து... ஒண்ணுகூட நான் எழுதலை. இவ எழுதுவா. நான் கொண்டுபோவேன். என் பேரு போயிரும்னுதான்... பயம்மா இருந்துச்சும்மா. கம்ப்யூட்டர் வந்ததும் இவளே நேரா செய்ய ஆரம்பிச்சிட்டா. அப்பறம் நான் எதுக்கு?”

பிச்சம்மாள் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள். “ஏட்டி... இங்கன வா.”

ராஜேஸ்வரி குனிந்தாள். கிழவி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். “ஒன் சோத்தைத் தின்னுகிட்டே ஒன்னைத் திட்டியிருக்கேனே... ஒரு வார்த்தை சொல்லப்படாதா? கல்லாட்டி நீ? ஏன்டி சொல்லலை?”

அதுவரை அழாத ராஜேஸ்வரியும் அழுதாள். “சொல்லியிருக்கணும் அத்தை... சொல்லியிருக்கணும்.”

அம்பலவாணன் மெல்ல வந்து நின்றார். “வீட்டுக்கு வா ராஜி. ஒயரை மறுபடி போட்டுருவோம். என்னைத் தப்பா நினைக்காத...”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “வாரேன். ஆனா நீங்க படியைக் காட்டி மிரட்டுன ராஜேஸ்வரியா வர மாட்டேன். இந்த இணைப்பு இங்கனயேதான் இருக்கும். மத்தியானம் நான் இங்கனதான் இருப்பேன். அகிலா பாஸாகி மெட்ராஸுக்குப் பயிற்சிக்குப் போகணும்னா போவா. ‘பொம்பளப் பிள்ளை’ன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது.”

“சரி.”

“பொன்மணியை அலைய விட்டதுக்கு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவர் பொன்மணியின் பக்கம் திரும்பினார். “தப்புதான்மா” என்றார். பொன்மணி தலையை மட்டும் அசைத்தாள். அவ்வளவு லேசில் அது ஆறுகிற காயமில்லை.

“இனி எனக்கு என்ன வேலை இருக்கு ராஜி?” வேப்பமரத்தடியில் அத்தனை பேரை அதட்டிய குரலா அது என்று தோன்றியது.

“நிறைய இருக்கு. கண்ணு தெரியாதவங்க இருக்காங்க. விசாரணைன்னு வந்தா வாய் தொறக்கப் பயப்படுதவங்க இருக்காங்க. கூடப் போய் நிக்க ஆள் வேணும். அதை இந்த மெசின் செய்யாது. ஆனா, ‘நான் முடிச்சுக் குடுத்தேன்’னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது.” திரும்பிக் காத்திருந்த பெண்களைப் பார்த்தாள். “இப்ப அத்தையைக் கூட்டிட்டுப் போங்க. இவங்களைப் பாத்துட்டு நான் வாரேன்.”

அவர் தாயை ஒரு குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம், மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய பார்வை மங்கிய முதியவர் ஒருவரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு, அம்பலவாணன் பொன்மணி வீட்டு வாசலில் வந்து நின்றார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

“ராஜேஸ்வரி, இவருக்கு முதியோர் உதவித்தொகை போடணுமாம். எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஒன்கிட்ட கூட்டியாந்திருக்கேன். கொஞ்சம் பாக்கியா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

“உக்காரச் சொல்லுங்க. முன்னால வந்தவங்களை முடிச்சிட்டு வாரேன்.”

அவர் முதியவரைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, பெண்களுக்குப் பின்னால், அவருக்குப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.